நடுவர் சொல்லாத கிழமை

லண்டனில் பட்டிமன்றம் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வாரநாளில் எனக்கு ஒரு வங்கியில் கணினி வேலை. விடுமுறை நாளில் நடுவர் வேலை. அதற்குச் சம்பளம் பொன்னாடை. என் மனைவி நிர்மலா அவற்றில் நாலை வெட்டித் தைத்து ஜன்னல் திரையாக்கிவிட்டாள். வருகிற விருந்தாளிகள் எங்கே வாங்கியது என்று கேட்டால், "இவர் ரெண்டு பக்கமும் நல்லா இருக்குன்னு சொன்னதுக்குக் கொடுத்தது" என்பாள்.

அவள் சொல்வது நிஜம். ஊர் நல்லதா லண்டன் நல்லதா என்று தலைப்பு கொடுத்தால், ஊர் வேர், லண்டன் கிளை என்று முடிப்பேன். மகனா மகளா என்றால் இரண்டு கண்கள் என்பேன். எல்லோரும் கைதட்டிவிட்டுச் சாப்பிடப் போவார்கள். யாருக்கும் மனக்கஷ்டம் கிடையாது. அதை ஒரு திறமை என்று பதினைந்து வருஷமாக நினைத்திருந்தேன்.

2006 ஜூலையில் தெற்கு லண்டனில் மிச்சம் என்ற பகுதியிலிருந்து ஸ்ரீதரன் பாஸ்டர் போன் செய்தார். யாழ்ப்பாணத் தமிழர்களின் சின்ன சபை ஒன்றுக்கு அவர் போதகர்.

"சேர், எங்கட சபை ரெண்டாப் போச்சுது" என்றார். "பத்துக் குடும்பம் சனிக்கிழமைதான் ஓய்வுநாள், அண்டைக்குத்தான் ஆராதிக்கோணும் எண்டு பிரிஞ்சு போட்டுது. மற்ற எல்லாரும் ஞாயிறு. ஆதிக் கிறிஸ்தவர்கள் எந்த நாள் கூடினவை எண்டு ஒரு பட்டிமன்றம் வைச்சால் ரெண்டு பகுதியும் ஒரு கூரைக்குக் கீழ வருவினம். நீங்கள்தான் நடுவர்."

"பாஸ்டர், நான் இந்து. எனக்கு இதில் அ ஆ கூடத் தெரியாது."

"அதுதான் வேணும். கிறிஸ்தவர் எண்டால் ஏதோ ஒரு நாள் சேர்ச்சுக்குப் போயிருப்பார், பக்கச்சார்பு வந்திடும். நீங்கள் ஒரு நாளும் போயிருக்க மாட்டியள்."

இப்படி ஒரு தகராறுக்கு மற்ற ஜனங்கள் மகாநாடு கூட்டியிருக்கிறார்கள், சாபம் போட்டிருக்கிறார்கள், ஆளை நாடு கடத்தியிருக்கிறார்கள். மைக் செட் எடுத்து, மணி வைத்து, ஆளுக்கு எட்டு நிமிஷம் கொடுப்பது நாம் மட்டும்தான். சரி என்றேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதில்லை.

தேதி குறிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. சனிக்கிழமை வைத்தால் சனிக்காரர் வர மாட்டார்கள். ஞாயிறு என்றால் மற்றவர்களுக்கு ஆராதனை. வெள்ளி மாலை வைக்கலாம் என்றால், பொழுது சாய்ந்ததும் ஓய்வுநாள் தொடங்கிவிடுமாம். கடைசியில் ஆகஸ்ட் இருபத்தெட்டு, பாங்க் ஹாலிடே திங்கட்கிழமை என்று முடிவாயிற்று. அந்த ஒரு தீர்மானத்துக்கு இரண்டு தரப்பும் மூன்று கூட்டம் போட்டார்கள்.

நான் எங்கள் ஈஸ்ட் ஹாம் நூலகத்தில் போய் உட்கார்ந்தேன். படிக்கப் படிக்கத் தலை சுற்றியது. முதல் சீடர்கள் யூதர்கள், சனிக்கிழமை ஓய்ந்தவர்கள். அதில் சண்டையே இல்லை. வாரத்தின் முதல் நாளான ஞாயிறில் அப்பம் பிட்கக் கூடினார்கள் என்றும் இருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டு நடுவில் ரோமாபுரியில் ஞாயிறு கூட்டம் வழக்கமாகிவிட்டது. அதற்கு இருநூறு முந்நூறு வருஷம் பின்னாலும் கிழக்கே பல ஊர்களில் சனிக்கிழமையும் கூடியிருக்கிறார்கள். ஒரு ரோம ஆளுநர் தன் சக்கரவர்த்திக்கு எழுதுகிறான்: இந்தக் கிறிஸ்தவர்கள் குறித்த ஒரு நாளில் விடியுமுன் கூடிப் பாடுகிறார்களாம். எந்த நாள் என்று எழுதித் தொலைத்தானா? இல்லை. நான் படித்த வரையில் அவனவன் ஊரில் அவனவன் வழக்கம். இதைத்தான் மேடையில் பூசி மெழுகிச் சொல்லிவிட்டு வரலாம் என்று இருந்தேன்.

ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை பிற்பகல் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டியது ஐம்பது வயதுப் பெண் ஒருவர். பெயர் சுசிலா. ஞாயிறு அணியின் தலைவி என்று சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. பேச்சாளர் நடுவர் வீட்டுக்கு வருவது அழகில்லை. முகத்தை இறுக்கிக்கொண்டேன்.

"நான் வெல்லோணும் எண்டு கேக்க வரேல்லை, சேர்" என்றார். "நோட்டீஸில சனி அணித் தலைவர் கிருஷ்ணராசா எண்டு போட்டிருக்குதெல்லோ. அவர் என்ர மனுசன்."

நிர்மலா காபியைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள்.

சுசிலா சொன்னது இதுதான். இருவரும் ஜெர்மனியில் அகதிகளாக இருந்தபோது மதம் மாறியவர்கள். ஒரே நாளில், ஒரே தொட்டியில் ஞானஸ்நானம். லண்டன் வந்து மிச்சத்தில் கடை போட்டார்கள். கிருஷ்ணராசா படிக்கிற ஆள். இரண்டு வருஷத்துக்கு முன் பழைய சபை வரலாறுகளை எடுத்து வைத்துப் படித்தார். ஒரு நாள் மனைவியைக் கூப்பிட்டு, இவ்வளவு காலமும் பிழையான நாளில் கும்பிட்டுவிட்டோம் என்றார்.

"அண்டையிலயிருந்து வெள்ளி பொழுதுபட முன்னம் தன்ர சாப்பாட்டைத் தானே சமைச்சு வைச்சிடுவார். சனிக்கிழமை நான் அடுப்பு மூட்டினால் குசினிப் பக்கம் வரமாட்டார். முழு நாளும் ஆராதனை. ஞாயிறு நான் சேர்ச்சுக்குப் போயிடுவன், அவர் கடை திறப்பார். மற்ற நாள் நான் நேர்சிங் ஹோமில, அவர் கடையில. ஒரே வீட்டிலதான் இருக்கிறம். சேர்ந்திருந்து ஒரு சோறு திண்டு ரெண்டு வருசம்."

"யாராவது ஒருத்தர் விட்டுக்கொடுத்தா என்ன?" என்றாள் நிர்மலா. "சனிக்கிழமைன்னா எனக்கு இவர் எண்ணெய் தேச்சுக் குளிக்கிற நாள். அதுக்கு மேல ஒண்ணும் தெரியாது, கோவிச்சுக்காதீங்க."

"விட்டுக்குடுத்தால் அது பொய்யெல்லோ அக்கா. கர்த்தர் உயிர்த்த நாளை நான் எப்பிடி விடுறது? பத்துக் கட்டளையில இருக்கிற நாளை அவர் எப்பிடி விடுவார்? மனசுக்கு எதிரா ஒருத்தர் மற்றாளோட போனால் அந்த மனுசனை மற்றாளே மதிக்காது." சுசிலா பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார், துடைக்கவில்லை, கையில் வைத்திருந்தார். "ஆனால் ஒரு பொது ஆள், ரெண்டு பக்கத்தையும் கேட்டுப்போட்டு, சபைக்கு முன்னால இதுதான் எண்டு சொன்னால் கேக்கலாம். அது தோல்வியில்லை, தீர்ப்பு. வேதப்புத்தகத்தில கை வைச்சு ரெண்டு பேரும் ஒப்புக்கொண்டிட்டம். எந்தப் பக்கம் தோக்குதோ அந்தாள் மற்றாளோட போறது."

"தீர்ப்பு வராவிட்டால்?" என்று கேட்டேன்.

"ஹாரோவில என்ர தங்கச்சி இருக்கிறா. நான் அங்க போறதெண்டு பேசி முடிச்சாச்சு. இனிமேலும் இப்பிடி இருக்க எங்களால ஏலாது." பிறகு என்னை நேராகப் பார்த்தார். "உங்கட டிவிடி ஒண்டு பாத்தன், சேர். வடிவாக் கதைக்கிறியள். ஆனால் அப்பிடி முடிச்சுப்போடாதேங்கோ. சனியோ ஞாயிறோ, எனக்குப் பரவாயில்லை. ஏதோ ஒண்டைச் சொல்லுங்கோ."

சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். மனதாரத்தான் கொடுத்தேன். அவர் போன பிறகு நிர்மலா கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "உங்க வழவழா கொழகொழாவை அங்கே கொண்டு போகாதீங்க. ஒரு குடும்பம் உங்க வாயைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கு" என்றாள். எனக்குத் தெரியாதா என்று எரிந்து விழுந்தேன்.

அந்தத் திங்கட்கிழமை ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் இருநூற்றைம்பது பேர் இருந்தார்கள். சனிக்காரர் இடது பக்கம், ஞாயிறுக்காரர் வலது பக்கம். நடுவில் நாலு வரிசை நாற்காலி காலி. பின்னால் மேசையில் மட்டன் ரோல்ஸ் தட்டுத் தட்டாக அடுக்கியிருந்தது, அதை மட்டும் இரண்டு தரப்புப் பெண்களும் சேர்ந்து காவல் காத்தார்கள்.

கிருஷ்ணராசாவை அன்றுதான் பார்த்தேன். ஒல்லி, வழுக்கை, கோட்டுக்குள் ஸ்வெட்டர். எழுந்ததும் குறிப்புத்தாளை மேசையிலேயே கவிழ்த்து வைத்துவிட்டார்.

"நாலாம் நூற்றாண்டில லவோதிக்கேயாவில பிஷப்மார் கூடிச் சட்டம் போடினம்" என்றார். "கிறிஸ்தவர்கள் சனிக்கிழமை ஓய்ந்திருக்கக் கூடாது, வேலை செய்யோணும் எண்டு. எனக்கு ஒண்டு சொல்லுங்கோ. 'இங்க துப்பாதே' எண்டு மதிலில எழுதியிருந்தால் என்ன அர்த்தம்? அங்க ஆரோ துப்பிக்கொண்டு இருந்தவை எண்டுதானே? ஒருத்தரும் சனிக்கிழமையை அனுசரிக்காட்டி எதுக்குத் தடை? முந்நூறு வருசமா சனம் விடேல்லை. அதாலதான் தடுக்க வேண்டி வந்தது. ஞாயிறை லீவு நாளாக்கினது அப்போஸ்தலர் இல்லை, கொன்ஸ்தந்தீன் ராசா!"

இடது பக்கம் அதிர்ந்தது. வலது பக்கத்திலும் ரெண்டு பேர் தங்களை மறந்து கைதட்டி, பக்கத்திலிருந்தவர் இடித்ததும் நிறுத்தினார்கள்.

சுசிலா கடைசியாக வந்தார். குரல் சின்னது. மைக்கை யாரோ வந்து இறக்கிக் கொடுத்தார்கள்.

"எதிரணித் தலைவர் ராசாவைச் சொன்னார். ராசா வர முன்னம் அந்தச் சனத்துக்கு லீவே இல்லை. ஞாயிறும் வேலைநாள்தான். அதாலதான் விடிய முன்னம் எழும்பிக் கூடினவை. அடிமையள், கூலியள். கும்பிட்டுப்போட்டு வேலைக்கு ஓடினவை. லீவுக்காக எடுத்த நாளெண்டால் ஏன் நித்திரையைக் கெடுக்கோணும்?" மூச்சு வாங்கிக்கொண்டார். "கர்த்தரின்ர கல்லறைக்குப் போன பொம்பிளையள் ஓய்வுநாளை முழுசா அனுசரிச்சவைதான். கை நிறைய வாசனைத் திரவியத்தை வைச்சுக்கொண்டு, அது முடியட்டும் எண்டு வீட்டில இருந்தவை. முடிஞ்ச உடன ஓடினவை. ஓய்வுநாளில அவைக்கு ஒண்டும் கிடைக்கேல்லை. அடுத்த நாள்தான் கிடைச்சது."

கிருஷ்ணராசா மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சுக்குக் கைதட்டலாமா கூடாதா என்று தெரியாமல் இரண்டு கையையும் மேசைமேல் வைத்திருந்தார். எனக்கு அவர் மேல் ஒரு பிரியமே வந்துவிட்டது.

தீர்ப்பை நான் முடிவு செய்துவிட்டேன். பேச்சில் மனதைத் தொட்டது ஞாயிறு. ஆனால் பட்டிமன்றம் வாதத்துக்கு மதிப்பெண் போடுவது. அந்த லவோதிக்கேயா கேள்விக்கு ஞாயிறு அணி பதிலே சொல்லவில்லை. தாளில் 'சனி' என்று எழுதி, கீழே ஒரு கோடும் போட்டேன். சுசிலா இதை ஏற்றுக்கொள்வார். எந்தப் பக்கமானாலும் என்று அவரே சொன்னாரே. சொல்லிவிட வேண்டியதுதான்.

எழுந்தேன். வழக்கம்போல முதலில் இரண்டு அணியையும் பாராட்டினேன். கைதட்டினார்கள். துப்பாதே உவமையை நடித்துக் காட்டினேன். சிரித்தார்கள். விடியுமுன் எழுந்த அடிமைகளைச் சொன்னேன். முன்வரிசையில் கிழவிகள் கண்ணைத் துடைத்தார்கள். வலது பக்கம் இருநூறு முகம், இடது பக்கம் ஐம்பது முகம், அத்தனையும் என்னைப் பார்த்து மலர்ந்திருந்தன. இப்போது 'சனி' என்றால் இந்த இருநூறும் வாடிப்போகும். என் நாக்கு என்னைக் கேட்காமல் அதன் பழைய தடத்தில் ஓடியது.

"ஆதித் திருச்சபை சனிக்கிழமை ஓய்ந்தது, ஞாயிற்றுக்கிழமை மகிழ்ந்தது. கட்டளைக்கு ஒரு நாள், உயிர்ப்புக்கு ஒரு நாள். ஒன்று வலது கை, ஒன்று இடது கை. கும்பிட வேண்டுமானால் இரண்டும் சேர வேண்டாமா?"

கூரை பிய்ந்துவிடும் போலக் கைதட்டல். ஸ்ரீதரன் பாஸ்டர் எழுந்து நின்றே தட்டினார். நான் சொன்னது பொய்யும் இல்லை. படித்த புத்தகங்களை வைத்துப் பார்த்தால் அதுதான் நிஜத்துக்குக் கிட்டத்தில் இருந்தது. ஆனால் என்னிடம் கேட்டது அதை அல்ல, நான் வாக்குக் கொடுத்ததும் அதற்கல்ல. மணியை அடிக்கக் கையை நீட்டினேன்.

கிருஷ்ணராசா எழுந்துவிட்டார். தீர்ப்புக்குப் பிறகு பேச்சாளர் எழுந்து பேசுவது என்ற வழக்கமே கிடையாது.

"ஐயா" என்றார். மைக் இல்லாமலே கேட்டது. "ஒண்டைச் சொல்லுங்கோ. சனியோ, ஞாயிறோ?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். தாள் கையில்தான் இருந்தது. ஆனால் கூட்டம் சிரிக்கத் தயாராகிவிட்டது. எதிரில் எழுந்து நிற்கும் பேச்சாளரை என்ன செய்வது என்பது எனக்கு மனப்பாடம்.

"பாருங்கள்" என்றேன். "வீட்டுக்காரம்மாவிடம் தீர்ப்புக் கேட்கப் பயந்துகொண்டு மனுஷன் இங்கே வந்து நம்மைக் கேட்கிறார்!"

மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. அணித் தலைவர்கள் கணவன் மனைவி என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும், அதனால் இன்னும் சிரித்தார்கள். கிருஷ்ணராசா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உட்கார்ந்தார். சுசிலா குனிந்து தன் குறிப்புத்தாள்களை ஒழுங்காக அடுக்கிக்கொண்டிருந்தார். பாஸ்டர் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்.

எப்படியாவது நழுவிவிடலாம் என்று பார்த்தேன். பாஸ்டர் விடவில்லை. விம்பிள்டனில் டிஸ்ட்ரிக்ட் லைன் ரயில் ஏறினால் நேரே ஈஸ்ட் ஹாம், அண்ணை கொண்டுபோய் விடுவார் என்றார். அண்ணை என்று அவர் சொன்னது கிருஷ்ணராசாவை. அவர் மறுக்கவில்லை. முன்னால் புருஷனும் பெண்சாதியும், பின்னால் மடியில் மட்டன் ரோல்ஸ் பார்சலோடு நான். நான் சைவம் என்பதை யாரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்ல வாயில்லை.

பத்து நிமிஷம் பார்சலையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னால் தாங்க முடியவில்லை.

"மன்னிச்சுக்கோங்க. நான் பண்ணது தப்பு" என்றேன். "தீர்ப்பு எழுதி வெச்சிருந்தேன். இதோ தாள். இப்போ சொல்லிடறேன்."

"வேண்டாம், ஐயா" என்றார் கிருஷ்ணராசா. கோபமே இல்லை. "சபையில சொல்லாததைக் காருக்குள்ள சொன்னால் அது தீர்ப்பில்லை. எங்களில இரக்கப்பட்டுச் சொல்லுறது. அதை நம்பி ஒருத்தர் தன்ர நாளை விட ஏலுமோ?"

"ஓம், சேர்" என்றார் சுசிலா, திரும்பாமல். "இவர் சொல்லுறதுதான் சரி. அந்தத் தாளைக் கிழிச்சுப்போடுங்கோ."

கிழிக்கவில்லை. பைக்குள் கசக்கி வைத்தேன். வெட்கமாக இருந்தது. அவர்கள் இருவரும் எனக்காகச் சங்கடப்படுவது அதைவிட வெட்கமாக இருந்தது.

ஸ்டேஷன் வாசலில் கார் நின்றது. நான் நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் சுசிலா கணவரிடம் திரும்பினார்.

"அப்ப நான் தங்கச்சிக்கு போன் பண்ணிச் சொல்லுறன். எனக்குச் சனிக்கிழமை லீவு. சாமான் அண்டைக்கு ஏத்தலாம்."

"சனி நான் சாமான் தூக்க மாட்டன், சுசிலா. உமக்குத் தெரியும்தானே. ஞாயிறு கடையைப் பூட்டிப்போட்டுக் கொண்டுபோய் விடுறன்."

"ஞாயிறு எனக்கு ஆராதனை."

கிருஷ்ணராசா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி யோசித்தார். "புதன் உமக்கு லேட் ஷிப்டெல்லோ?"

"ஓம். ரெண்டு மணிக்குத்தான்."

"அப்ப புதன் காலமை?"

"புதன் காலமை ஏலும்" என்றார் சுசிலா. "உங்களுக்கும் சரிதானே?"

"எனக்கும் சரி."

புதன்கிழமைக்கு இரண்டு பேருக்கும் ஆட்சேபம் இல்லை. நான் கதவைத் திறந்து இறங்கினேன்.